இரும்பின் பிறப்பை அறிந்தவர்கள்

1832-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் முப்பது வயது மருத்துவ மாணவர் ஒருவர் பட்டத்துக்காக ஓர் ஆய்வேடு கொடுத்தார். பின்லாந்து மக்களின் மந்திர மருத்துவம்தான் அதன் பொருள். முந்தைய ஆண்டு நகரத்தில் காலரா வந்தபோது நோயாளிகளுக்கு நடுவே நின்று வேலை பார்த்தவர் அவர். அது முடிந்த கையோடு, கிராமத்து வைத்தியர்கள் இரத்தம் நிற்க என்ன ஓதுகிறார்கள், பல்வலிக்கு யாரைத் திட்டுகிறார்கள் என்று எழுத உட்கார்ந்துவிட்டார். பெயர் எலியாஸ் லொன்ரோத். 1835-இல் 'கலேவலா' காவியத்தின் முதல் வடிவத்தை வெளியிட்டு ஒரு நாட்டின் இலக்கியத்துக்கே அடித்தளம் போட்டவர் இவரேதான். அதன் விரிந்த வடிவம் 1849-இல் வந்தது. 50 பாடல்கள், 22,795 அடிகள். இலங்கை எழுத்தாளர் உதயணன் அதைத் தமிழாக்கி 1994-இல் வெளியிட்டதால், நாம் இந்த மந்திரங்களின் உலகத்துக்குள் நேராகவே நுழையலாம்.

லொன்ரோத்தை உலகம் காவியத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவர் சம்பளம் வாங்கியது மருத்துவராக. 1833-இல் கயானி என்ற சிற்றூரில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். போன வேளையில் அங்கே பஞ்சம். பஞ்சத்தின் பின்னாலேயே தொற்றுக் காய்ச்சல். மருத்துவரே படுக்கையில் விழுந்து பிழைத்தெழுந்தார். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதே பகுதியில் நோயும் பார்த்தார், பாட்டும் சேகரித்தார்.

அன்றைய படித்த மருத்துவத்தின் கைவசம் என்ன இருந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும். இரத்தத்தை வடிப்பது, பேதிக்குக் கொடுப்பது, பாதரசம், அபின். நோய்க்குக் கிருமி காரணம் என்று நிறுவப்பட இன்னும் அரை நூற்றாண்டு பாக்கி. காலராவுக்குப் பட்டம் பெற்ற மருத்துவரிடமும் மருந்து கிடையாது, மந்திரம் தெரிந்தவரிடமும் கிடையாது. இரண்டு பேரில் யார் அறிவியல்பூர்வமானவர் என்று இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது சுலபம். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது வேறு. அந்தக் கிராமத்து வைத்தியர்கள் ஒரு முழுமையான நோய்க் காரணக் கோட்பாட்டை வைத்திருந்தார்கள். அந்தக் கோட்பாட்டின் கேள்வி சரியானது, விடைதான் தவறு.

அந்த வைத்தியருக்குத் 'தியேத்தாயா' என்று பெயர். அறிந்தவர் என்று பொருள். பெரும்பாலும் ஆண்கள், சில இடங்களில் பெண்களும். பகலில் எல்லோரையும்போல உழுது, மீன்பிடித்து வாழும் குடியானவர். நோய் என்று ஆள் வந்தால் வேறு மனிதராகிவிடுவார். அவருடைய பலம் இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று, மனப்பாடமாக வைத்திருக்கும் மந்திரங்கள். இன்னொன்று 'லுவோந்தோ' எனப்பட்ட உள்சக்தி. வேலை தொடங்குமுன் அதைத் தூண்டி எழுப்ப வேண்டும். பல்லைக் கடிப்பார், காலால் தரையை மிதிப்பார், துப்புவார், குரல் உயரும். பல் கொட்டிப்போனால் சக்தியும் போயிற்று என்று ஊர் நம்பியது. தன்னைவிட மூத்தவருக்கு மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தால் தனக்குப் பலிக்காது என்பதும் ஒரு நம்பிக்கை. கரடியின் பல், கரடி நகம், பாம்புத் தலை எல்லாம் அவர் பையில் இருக்கும். இடி விழுந்த இடத்தில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கல்லும் இருக்கும். அருங்காட்சியகத்தில் அந்தக் கற்களைப் பார்த்தால் அவை கற்கால மனிதர்களின் கோடரிகள். நிலத்தை உழும்போது அகப்பட்டவை.

நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அன்னா-லீனா சீகலா இந்த மரபின் வேரை வடக்கின் பழைய ஷாமன்களிடம் தேடியவர். ஷாமன் முரசடித்து மயங்கி வேறு உலகத்துக்குப் பயணம் போவார். தியேத்தாயா எங்கும் போவதில்லை. நினைவோடு இங்கேயே நின்று சொற்களால் அந்த உலகத்தை இங்கே வரவழைப்பார். அதனால்தான் சொல் பிசகாமல் இருப்பது அவ்வளவு முக்கியமாயிற்று. மந்திரங்கள் எட்டு அசை கொண்ட அடிகளில், மோனை ஒழுங்கோடு, சொன்னதையே வேறு சொல்லால் மறுபடி சொல்லும் பாங்கில் அமைந்தவை. எழுதப் படிக்கத் தெரியாதவர் நூற்றுக்கணக்கான அடிகளை நினைவில் வைத்துக்கொள்ள இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

நோயாளி வந்ததும் முதலில் விசாரணைதான். எங்கே போனாய், எங்கே விழுந்தாய், எந்தத் தண்ணீரைக் குடித்தாய், யாரோடு சண்டை. காடு, நீர், மண், நெருப்பு, இரும்பு, இடுகாடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சக்தி உண்டு. அதற்கு 'வாகி' என்று பெயர். அசந்த நேரத்தில், பயந்த நேரத்தில் அது மனித உடம்பில் தொற்றிக்கொள்ளும். காட்டில் தடுக்கி விழுந்து பயந்த பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் காடு பிடித்திருக்கிறது. தோலில் தடிப்பு வந்தால் மண் பிடித்திருக்கிறது. பிணத்தருகே போய்வந்தவர் சோர்ந்து படுத்தால் இறந்தவர்களின் சக்தியான 'கால்மா' ஏறியிருக்கிறது. பிடித்த இடம் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. அங்கேயே போய் மன்னிப்புக் கேட்டு, காணிக்கை வைத்துத் திரும்ப வேண்டும்.

திடீரென்று சுரீர் என்று குத்தும் வலிக்கு வேறு விளக்கம்: யாரோ கண்ணுக்குத் தெரியாத அம்பு எய்திருக்கிறார்கள். நோயை எறிபொருளாகக் காணும் இந்த எண்ணத்தைப் பற்றி லவுரி ஹொங்கோ 1959-இல் ஒரு தனி நூலே எழுதினார். முதுகில் சட்டென்று பிடித்துக்கொள்ளும் வலியை இன்றும் பின்லாந்தில் சூனியக்காரனின் அம்பு என்றே சொல்கிறார்கள். மருத்துவமனையிலும் அந்தச் சொல் நடமாடுகிறது.

காயம் பற்றிய கருத்து இன்னும் கூர்மையானது. இரும்பு வெட்டிய காயம் வேறு. அந்தக் காயத்துக்குள் புகும் 'இரும்பின் கோபம்' வேறு. வெட்டு ஆறிவிடும். கோபம் புகுந்தால் சிவந்து, வீங்கி, கொதித்து, விண்விண்ணென்று தெறிக்கும். நெருப்புக்கும் நீருக்கும்கூட இப்படிக் கோபங்கள் உண்டு. இன்றைய மருத்துவர் இதைப் படித்தால் காயத்தையும் காயத்தில் ஏற்படும் தொற்றையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பார். பிரித்தது சரிதான். ஆனால் கோபத்தைச் சொல்லால் தணிக்கலாம் என்று நினைத்தார்களே தவிர, வெட்டிய கத்தியையும் தொட்ட கையையும் கழுவ வேண்டும் என்று அந்தக் கோட்பாட்டிலிருந்து யாருக்கும் தோன்றவில்லை.

இந்த மருத்துவத்தின் உச்சம் 'பிறப்பு' மந்திரங்கள். எதன் பிறப்பை அறிந்தாயோ அது உனக்குக் கட்டுப்படும். இரும்பு வெட்டினால் இரும்பு பிறந்த கதை, பாம்பு கடித்தால் பாம்பு பிறந்த கதை, நெருப்புச் சுட்டால் நெருப்பின் கதை. கதையைச் சொல்லிவிட்டு அதை வெட்கப்படுத்துவார்கள். ஊரையே மிரட்டுகிறவனை, 'உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவடா நான்' என்று ஒரு கிழவி அடக்குவதுபோல.

கலேவலாவின் எட்டாம், ஒன்பதாம் பாடல்களில் இது விரிவாக வருகிறது. படகு செதுக்கும்போது கோடரி தவறி காவிய நாயகன் வைனாமொயினனின் முழங்காலில் இறங்கிவிடுகிறது. இரத்தம் நிற்கவில்லை. சறுக்கு வண்டியில் ஏறி வீடு வீடாகப் போய், நிறுத்தத் தெரிந்தவர் உண்டா என்று கேட்கிறான். மூன்றாவது வீட்டுக் கிழவர் தெரியும் என்கிறார், ஆனால் இரும்பின் பிறப்பு அவருக்கு மறந்துபோயிருக்கிறது. கடைசியில் நோயாளிதான் வைத்தியருக்கு அதைச் சொல்லித் தருகிறான்!

கதை இப்படிப் போகிறது. வானத்தில் மூன்று கன்னிகள் தங்கள் பாலைப் பூமியில் பொழிகிறார்கள். கறுப்புப் பால் விழுந்த இடத்தில் வளைந்துகொடுக்கும் மெல்லிரும்பு, வெள்ளைப் பாலில் எஃகு, சிவப்புப் பாலில் எளிதில் உடையும் இரும்பு. இரும்பு தன் அண்ணன் நெருப்பைப் பார்க்கப் போய், அவன் விழுங்க வந்ததும் ஓடி, சதுப்பு நிலத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. ஓநாயும் கரடியும் சேற்றில் நடக்கின்றன. காலடித் தடங்களில் துரு தெரிகிறது. அதைப் பார்த்துக் கொல்லன் இல்மரினன் இரும்பைக் கண்டெடுக்கிறான். உலைக்குள் கிடந்த இரும்பு, யாரையும் காயப்படுத்தமாட்டேன், மரத்தை மட்டும் வெட்டுவேன் என்று சத்தியம் செய்கிறது. காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் தோய்க்கும் துவைச்சலுக்குத் தேன் கொண்டுவரத் தேனீயை அனுப்புகிறான் கொல்லன். ஒட்டுக்கேட்ட குளவி முந்திக்கொண்டு பாம்பின் நஞ்சைக் கொண்டுவந்து தண்ணீரில் கலந்துவிடுகிறது. அன்றிலிருந்து இரும்பு சத்தியத்தை மீறியது.

இதில் கற்பனை எவ்வளவு, கைத்தொழில் அறிவு எவ்வளவு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். பின்லாந்துக் கொல்லர்களுக்கு இரும்பு மலைச் சுரங்கத்திலிருந்து வரவில்லை. சதுப்பு நிலத்திலும் ஏரி அடியிலும் படியும் தாதுவிலிருந்துதான் வந்தது. நிலத்தடி நீரில் கரைந்துவரும் இரும்பு காற்றைச் சந்திக்கும் இடத்தில் துருவாகப் படிகிறது. சில பாக்டீரியாக்கள் இந்த வேலையை விரைவுபடுத்துகின்றன. சேற்றில் விலங்கு கால் வைத்துப் போன குழியில் தண்ணீர் தேங்கினால் அந்தச் செந்நிறப் படலம் கண்ணுக்குப் புலப்படும். தாது தேடுகிறவருக்கு அதுதான் அடையாளம். ஓநாய்த் தடமும் கரடித் தடமும் கவிதைக்காக வந்தவை மட்டுமல்ல.

மூன்று வகை இரும்பும் அப்படியே. மெல்லிரும்புக்கும் எஃகுக்கும் உள்ள வேறுபாடு அதில் கலந்த கரியின் அளவு. சதுப்புத் தாதுவில் பாஸ்பரஸ் மிகுதியாக இருக்கும். அது கலந்த இரும்பு குளிரில் சட்டென்று உடையும். வடதுருவக் குளிரில் கோடரி உடைந்தால் என்ன ஆகும் என்று கொல்லனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துவைச்சல் நீரில் கலந்ததுதான் எஃகின் குணத்தை நிர்ணயிக்கிறது என்ற எண்ணத்திலும், விடை தவறினாலும், துவைச்சலே எஃகின் உயிர்நிலை என்ற அனுபவம் இருக்கிறது. மந்திரம் ஓதியவருக்குப் பாஸ்பரஸ் தெரியாது. ஆனால் உலோகத் தொழிலின் சுருக்கக் குறிப்பு ஒன்று, இரத்தம் நிறுத்தும் மந்திரத்துக்குள் பத்திரமாகத் தலைமுறை கடந்து வந்திருக்கிறது.

சரி, இரத்தம் நின்றதா? நின்றது, பெரும்பாலான நேரம். பெரிய தமனி அறுபடாத காயத்தில் இரத்தத் தட்டுகள் ஒட்டி, ஃபைப்ரின் இழை வலை பின்னி, சில நிமிடங்களில் ஒழுக்கு தானாகவே அடங்கும். பிறப்புக் கதையைச் சொல்லி, இரும்பைத் திட்டி, இரத்தத்தை நிற்கச் சொல்லி ஆணையிட்டு முடிக்கவும் அதே சில நிமிடங்கள்தான் ஆகும். அதற்குள் காயத்தைக் கட்டியும் இருப்பார்கள். பாம்புக்கடியும் இப்படித்தான். பின்லாந்தில் இருக்கும் ஒரே நச்சுப்பாம்பு விரியன் இனத்தைச் சேர்ந்த சிறிய பாம்பு. கணிசமான கடிகளில் அது நஞ்சைச் செலுத்துவதே இல்லை. செலுத்தினாலும் வளர்ந்த ஆள் சாவது அபூர்வம். நல்லபாம்பும் கட்டுவிரியனும் உள்ள நாட்டில் இந்த மந்திரக்காரர்களின் புகழ் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்குமா என்பது சந்தேகம்.

தானாக ஆறுவதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வது என்று இதை முடித்துவிடலாம். ஆனால் விசாரணைக்கும் சடங்குக்கும் உள்ள பங்கு அத்தோடு தீர்ந்துவிடாது. 2008-இல் டெட் கப்சுக் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக் குழு, குடல் எரிச்சல் நோயுள்ள 262 பேரை மூன்றாகப் பிரித்தது. முதல் குழுவுக்கு ஒன்றும் செய்யவில்லை, காத்திருக்கச் சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்கு உள்ளே குத்தாத போலி அக்குபங்சர் ஊசி, பேச்சு மிகக் குறைவு. மூன்றாம் குழுவுக்கு அதே போலி ஊசி. ஆனால் வைத்தியர் உட்கார்ந்து விசாரித்தார், காதுகொடுத்துக் கேட்டார், நம்பிக்கையாகப் பேசினார். மூன்று வாரத்தில் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் முறையே 28, 44, 62 சதவீதம். 'எங்கே விழுந்தாய், எதைக் கண்டு பயந்தாய்' என்று பொறுமையாகக் கேட்ட தியேத்தாயா இந்த மூன்றாம் குழு வைத்தியருக்குத் தூரத்து உறவு. வலி, ஓக்காளம், தூக்கமின்மை போன்ற, உணர்வோடு பிணைந்த தொல்லைகளில் இது வேலை செய்யும். பெரியம்மையிடமும் சீதபேதியிடமும் செய்யாது. கயானியில் பஞ்ச காலத்தில் செத்தவர்களைப் பிறப்பு மந்திரம் எதுவும் காப்பாற்றவில்லை.

இந்தக் கோட்பாட்டுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. நோய்க்குக் காரணம் காடோ நீரோ என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம். பக்கத்து வீட்டுக்காரர் என்றால்? கலேவலாவின் நாற்பத்தைந்தாம் பாடலில் லோவியத்தார் என்பவள் ஒன்பது பிள்ளைகளைப் பெறுகிறாள். அவர்களில் எட்டுப் பேர் நோய்கள்: குத்துவலி, வயிற்றுவலி, மூட்டுவலி, கணை, கட்டி, சிரங்கு, புற்று, கொள்ளைநோய். ஒன்பதாமவனுக்குப் பெயரே வைக்கவில்லை. பொறாமைக்காரர்களும் சூனியக்காரர்களும் அவன் வழியில் வருகிறார்கள். வைத்தியம் ஓதியவர்களே பொறாமையைக் கொள்ளைநோயோடு ஒரே தொட்டிலில் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பொறாமைக்கு எதிரான ஆயுதம் ஒன்று குவோபியோ நகரத்துப் பேராலயத்தின் தரைக்கு அடியில் கிடைத்தது. மரத்தில் செதுக்கிய குட்டிச் சவப்பெட்டிகள். திறந்தால் உள்ளே துணி சுற்றிய காய்ந்த தவளை. இப்படிப்பட்ட பெட்டிகள் கிழக்குப் பின்லாந்தின் வேறு தேவாலயங்களிலும் கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் தவளையோடு மீன்வலைத் துண்டும் இருந்தது. வலையில் மீன் விழவில்லை, எவனோ என் அதிர்ஷ்டத்தைக் கட்டிவிட்டான் என்று நினைத்தவர், தவளைக்குச் சாவுச் சடங்கு நடத்திக் கோயில் தரைக்கு அடியில், இறந்தவர்களின் சக்தி நிறைந்த இடத்தில், புதைத்துவிடுவார். கெடுதல் அனுப்பியவனுக்கே திரும்பும். லூத்தரன் பாதிரியார் மேலே நின்று பிரசங்கம் செய்துகொண்டிருக்க, கீழே இது. மந்திரங்களுக்குள்ளும் கன்னி மரியாளும் இடி தெய்வம் உக்கோவும் சச்சரவில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

சந்தேகம் நீதிமன்றம் வரை போன காலமும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில், பின்லாந்து சுவீடன் ஆட்சியில் இருந்தபோது, சூனிய வழக்குகள் நடந்தன. மத்திய ஐரோப்பாவில் பிடிபட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். பின்லாந்திலோ கணிசமானோர் ஆண்கள். மந்திரம் என்றால் ஆண் தியேத்தாயா என்று ஊரே நினைத்த நாட்டில் அது இயல்பு. ஓலந்து தீவுகளில் 1660-களில் நடந்த வழக்குகள் மட்டும் ஐரோப்பிய பாணியில், சாத்தானோடு உடன்படிக்கை என்ற குற்றச்சாட்டோடு, பெண்கள்மேல் பாய்ந்தன. முதலில் மாட்டிய கரின் பெர்ஸ்தோத்தர் குறி சொல்லிப் பிழைத்தவர். அவர் வாயிலிருந்து வரவழைத்த பெயர்களைக் கொண்டு வழக்கு விரிந்தது.

மந்திரங்களுக்குப் பக்கத்திலேயே, அவ்வளவு ஆரவாரமில்லாமல், இன்னொரு மருத்துவமும் நடந்துகொண்டிருந்தது. அதன் ஆஸ்பத்திரி சௌனா என்ற நீராவிக் குளியல் குடில். சௌனாவும் சாராயமும் கீலும் கைவிட்டால் அந்த நோய் சாவுக்குத்தான் என்பது அங்கே பழமொழி. புகைபோக்கி இல்லாத மரக்குடிலில் மணிக்கணக்காகக் கல்லடுப்பை எரித்து, புகையை வெளியேற்றி, சூடேறிய கல்மேல் தண்ணீர் ஊற்றி ஆவி எழுப்புவார்கள். பிரசவம் அங்கே நடந்தது. இறந்தவரை அங்கே குளிப்பாட்டினார்கள். பண்ணை வீட்டில் நிறைய வெந்நீரும் வெப்பமும் தனிமையும் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். புகை படிந்த சுவரில் கிருமி எளிதில் வளராது என்பது கூடுதல் லாபம். குருதி உறிஞ்சும் பெண்ணும் அங்கேதான் வருவாள்: தோலைச் சிறு கோடரியால் கீறி, மாட்டுக்கொம்பைக் கவிழ்த்து, அதன் நுனியில் வாய்வைத்து உறிஞ்சி எடுப்பாள். இந்த உறிஞ்சலால் பெரிய பலன் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சௌனா விஷயம் வேறு. கிழக்குப் பின்லாந்தில் நடுவயது ஆண்கள் 2,315 பேரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2015-இல் வெளியானது. வாரம் நான்கு முதல் ஏழு முறை சௌனாவில் உட்கார்ந்தவர்களிடம் திடீர் இதயச் சாவு, வாரம் ஒருமுறை போனவர்களைவிடக் கணிசமாகக் குறைவு. உடல்நலம் உள்ளவர்தான் அடிக்கடி சௌனா போவார் என்ற எதிர்வாதமும் இருக்கிறது; பின்தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு எதுவும் அந்தச் சந்தேகத்தை முழுக்கத் தீர்க்காது.

பிசின் களிம்பு இன்னும் தெளிவாகத் தேறியிருக்கிறது. ஸ்ப்ரூஸ் மரத்தின் பிசினை வெண்ணெய் போன்ற கொழுப்போடு காய்ச்சி ஆறாத புண்ணுக்குப் போடுவது வடக்கே லாப்லாந்தில் பழைய வழக்கம். அங்கே பணியாற்றிய மருத்துவர் ஆர்னோ சிப்போனெனும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். படுக்கைப் புண் உள்ள 37 பேரோடு தொடங்கிய அந்தச் சோதனையின் முடிவு 2008-இல் வந்தது. ஆறு மாதம் முடித்தவர்களில் பிசின் போட்ட 13 பேரில் 12 பேருக்குப் புண் முழுக்க ஆறியது. வழக்கமான கட்டுப் போட்ட 9 பேரில் 4 பேருக்கு. சிறிய சோதனைதான், ஆனால் பிசின் சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வகத்திலும் உறுதியானது. இன்று அது மருந்துக்கடையில் குழாயில் அடைத்து விற்கப்படுகிறது.

மேற்கே கௌஸ்தினென் என்ற ஊர் எலும்பையும் மூட்டையும் கையாலேயே நீவிச் சரிசெய்கிறவர்களுக்குப் பேர்போனது. அவர்களையும் மருத்துவர்கள் சோதித்தார்கள். நாள்பட்ட முதுகுவலி உள்ள 114 பேரில் ஒரு பகுதியினரை நாட்டு எலும்பு வைத்தியரிடமும், ஒரு பகுதியினரைப் பிசியோதெரபிக்கும், மீதிப் பேரை வீட்டுப் பயிற்சிக்கும் அனுப்பிய அந்த ஆய்வின் முடிவு 1997-இல் வெளியானது. நாட்டு வைத்தியரிடம் போனவர்கள் மற்றவர்களைவிட மோசமாகத் தேறவில்லை. சில அளவுகளில் அவர்களே முன்னால் நின்றார்கள். கட்டுரைக்கு ஆய்வாளர்கள் வைத்த தலைப்பு, நாட்டு மருத்துவம் பலிக்கிறதா என்ற கேள்வி. அந்தக் கேள்வி நம்மை லொன்ரோத்திடமே திரும்பக் கொண்டுவிடுகிறது. அவர் 1880-இல், எழுபத்தெட்டு வயதில், தான் திரட்டிய மந்திரங்களை ஒரு தனித் தொகுதியாக அச்சிட்டார். இப்படி முறையாகச் சோதித்துப் பார்க்கும் வழிமுறை மட்டும் அவர் காலத்துக்குப் பிறகுதான் பரவியது.